சத்குரு சந்நிதிக்கு எதிரே ஓர் அம்மையார்

புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் திருவையாற்றுக் காவிரிக் கரையில் திரளும் கூட்டத்தை நேரில் கண்டவர்கள் உண்டு. வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சியில் தரிசித்தவர்கள் அவர்களிலும் பலர். நாட்டையில் தொடங்கி, கௌளை, ஆரபி, வராளி என நகர்ந்து, ஸ்ரீராகத்தில் நிறைவெய்தும் பஞ்சரத்ன கீர்த்தனைகளை ஆண்களும் பெண்களுமாக நூற்றுக்கணக்கான வித்துவான்கள் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். நடுவே சத்குரு ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சந்நிதியில் அபிஷேகம் நடைபெறுகிறது. பட்டுப் புடவை உடுத்தி முன்வரிசையில் அமர்ந்து பாடும் பெண்மணிகளைக் காணும்போது, அந்த இடம் அவர்களுக்கு என்றும் உரியதாகவே இருந்துவந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

உண்மை அவ்வாறன்று. அச்சந்நிதியைத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு எழுப்பியவர் ஒரு பெண்மணி. எழுப்பிய பின்னரும், அதன் முன் அமர்ந்து ஆராதனையில் பாட அவருக்கு அனுமதி இல்லை.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878-ஆம் ஆண்டு மைசூர் சமஸ்தானத்து நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி, தேவதாசி மரபில் வந்தவர். தந்தையின் ஆதரவு நிலைக்கவில்லை. மைசூரில் ஒரு பண்டிதரின் நிழலில் ஒதுங்கிச் சிறுமிக்கு வடமொழியும் இசையும் கற்பிக்க ஏற்பாடாயிற்று. அந்த நிழலும் நெடுநாள் நீடிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வூரை விட்டு வெளியேறிய அந்தத் தாயின் மனநிலையை இன்றைய பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். சொத்து இல்லை, ஆண் துணை இல்லை, சமூகத்தில் மதிப்பும் இல்லை. மகளுக்கு அவள் தேடிக் கொடுத்த ஒரே சீதனம் வித்தை. உறவினரான வயலின் வித்துவான் ஒருவரின் இல்லத்தில் தங்கி, கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவற்றை நாகரத்தினம் பயின்றார். தியாகராஜ சுவாமிகளின் சீடர் பரம்பரையில் வந்த முனுசாமப்பாவிடம் கீர்த்தனைகளைப் பாடம் செய்தார். பதினைந்து வயதை ஒட்டி அரங்கேற்றமும் ஆயிற்று.

பின்னர் சென்னைக்கு வந்து, அப்போது சங்கீத ரசிகர்களின் இருப்பிடமாக விளங்கிய ஜார்ஜ் டவுன் பகுதியில் குடியமர்ந்தார். தேவதாசி மரபில் வந்த ஒரு பெண், தாயாரையும் இழந்த நிலையில், அந்நிய ஊரில் தனியே ஒரு தொழிலை நடத்தத் துணிந்தது சிறிய காரியமன்று. இக்காலத்தில் பேத்திமார் பணிபுரியும் அலுவலகங்களில், தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்வது எப்படி, தனக்கென ஒரு முத்திரையைப் பதிப்பது எப்படி என்றெல்லாம் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்களாம். நடத்தட்டும், தேவையானதுதான். ஆனால் அந்தக் காலத்துப் பாடகியர்க்கு அந்த வித்தை நன்றாகவே தெரிந்திருந்தது. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம் என்று ஊரையே பெயருக்கு முன் சூடிக்கொண்டார்கள். தந்தையின் பெயரையோ கணவரின் பெயரையோ சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வழியில்லாத பெண்கள், ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் சேர்த்தே ஒரு முகவரியாக்கினார்கள். இசைத்தட்டுகள் வந்த புதிதில் அவற்றின் மேல் அச்சான பெயர்களில் இத்தகையவை எத்தனையோ.

நாகரத்தினம்மாள் அதற்கும் ஒருபடி மேலே சென்றார். கணக்கு வைத்துக்கொண்டார். எந்த ஊரில் எத்தனை கச்சேரி என்பதை அவர் குறித்து வைத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். வருமான வரி செலுத்திய முதல் பெண் கலைஞர்களில் ஒருவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. வரி செலுத்துவதில் என்ன பெருமை என்று சிலர் கேட்கக்கூடும். தாம் ஈட்டும் பொருள் எவரோ ஒரு தனவந்தர் மனமிரங்கிக் கொடுத்த வெகுமதி அன்று, தம் உழைப்பின் ஊதியம் என்பதை அரசாங்க ஏட்டிலேயே பதிவு செய்த செயல் அல்லவா அது!

கல்வியும் அவருக்கு அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்த முத்துப்பழனி என்னும் பெண்கவி, ராதையையும் கண்ணனையும் பற்றித் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்த்வனமு' என்ற காவியத்தை அவர் வாசித்தார். அதற்கு முன் வெளிவந்திருந்த பதிப்பில் சில பகுதிகள் விடுபட்டிருப்பதைக் கண்டார். மூலச் சுவடியைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, 1910-இல் வாவிள்ள நிறுவனத்தின் மூலம் முழுமையாகப் பதிப்பித்தார். சிருங்காரம் மிகுந்த நூல் என்று கண்டனங்கள் எழுந்தன. ஆங்கில அரசாங்கம் அதைத் தடையும் செய்தது. ஆண் கவிகள் அதே ரசத்தில் பாடியபோது எழாத ஆட்சேபம் ஒரு பெண் பாடியதும் ஏன் எழுந்தது என்ற அவரது கேள்விக்கு அன்று எவரும் நேராக விடை கூறவில்லை. அந்த நூலின் சுவையை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். கேள்வியில் நியாயம் இருந்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித்தான் அத்தடை நீங்கியது.

1921-ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை திசை திரும்பியது. மைசூர் வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பாவை அவர் குருவாகப் போற்றிவந்தார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடப்பதையும், அதைச் சீர்செய்யும் பொறுப்பை நாகரத்தினம் ஏற்க வேண்டும் என்பதையும் கிருஷ்ணப்பா கடிதத்தில் தெரிவித்தார். சுவாமிகளே அம்மையாரின் கனவில் தோன்றியதாகவும் கூறுவர். எதுவாயினும், அவர் உடனே புறப்பட்டார்.

1847-இல் சித்தியடைந்த மகான். அதற்குச் சற்று முன் சந்நியாசம் ஏற்றதால் காவிரிக் கரையில் அவருக்குச் சமாதி அமைந்தது. சீடர்கள் சிலர் இடையில் வந்து அதை அடையாளம் கண்டு செப்பனிட்டிருந்தும், முட்புதர் மீண்டும் மூடிவிட்டது. அவருடைய கீர்த்தனையைப் பாடாத கச்சேரி தென்னாட்டில் இல்லை. அந்தக் கச்சேரிகளால் வீடும் நிலமும் வாங்கிய வித்துவான்களுக்கும் குறைவில்லை. ஆயினும் அவர் அடங்கிய இடத்துக்கு ஒரு கூரை இல்லை.

நாகரத்தினம்மாள் முதலில் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. கல்லையும் சுண்ணாம்பையும் அவர் முதலில் தேடவில்லை. நிலம் யாருக்குச் சொந்தம் என்று விசாரித்தார். உரியவர்களைக் கண்டறிந்து, முறைப்படி அந்த இடத்தைப் பெற்ற பின்னரே திருப்பணியைத் தொடங்கினார். பக்தி மேலீட்டால் யாருடைய நிலத்திலோ கோயில் எழுப்பிவிட்டுப் பின்னர் வழக்குமன்றத்தில் நிற்கும் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அம்மையார் அந்தத் தவறைச் செய்யவில்லை. 1921 அக்டோபர் 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சில ஆண்டுகளில் சந்நிதி எழுந்து, சுவாமிகளின் திருவுருவம் பிரதிஷ்டையாகிக் குடமுழுக்கும் நடந்தேறியது. அரசரின் அழைப்பையும் பொருளையும் வேண்டாம் என்று ஒதுக்கிய மகானுக்கு, கச்சேரி கச்சேரியாகப் பாடிச் சேர்த்த ஒரு பெண்ணின் காசில் ஆலயம் அமைந்தது. சுவாமிகளின் மீது நூற்றெட்டு நாமங்களை வடமொழியில் தொடுத்து அர்ச்சனைக்கு அளித்தவரும் அவரே.

அப்போது திருவையாற்றில் ஆராதனை இரு கூறாகப் பிரிந்து கிடந்தது. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் ஒன்றாகத் தொடங்கிய கைங்கரியம், மனத்தாங்கலால் 'பெரிய கட்சி' என்றும் 'சின்ன கட்சி' என்றும் ஆகியிருந்தது. எதெதற்கோ சண்டையிட்ட அவ்விரு கட்சியினரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தனர். பெண்கள், அதிலும் தேவதாசி மரபுப் பெண்கள், ஆராதனையில் பாடலாகாது என்பதே அது.

தம் பணத்தில் எழுந்த சந்நிதியின் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேச அவரால் முடிந்திருக்கும். நிலம் அவர் வாங்கியது, கட்டடம் அவர் எழுப்பியது. அவர் அவ்வாறு செய்யவில்லை. இரு கட்சியினரும் அங்கு வந்து வழிபட்டார்கள். அதே வேளையில், 'பாடாதே' என்ற சொல்லுக்கு அவர் கட்டுப்படவும் இல்லை. 1927-ஐ ஒட்டி மூன்றாவதாக ஓர் அணி தோன்றியது. அதைப் 'பெண்கள் கட்சி' என்று அழைத்தார்கள். முன்புறம் ஆண்கள் பாடிக்கொண்டிருக்க, சந்நிதியின் பின்புறத்தில் நாகரத்தினம்மாளும் அவருடன் வந்த பெண்களும் அமர்ந்து அதே சுவாமிகளின் அதே கீர்த்தனைகளைப் பாடினார்கள். கருவறையின் முன்பக்கம் ஒரு குரல், பின்பக்கம் மற்றொரு குரல். உள்ளே இருந்தவர் இரண்டையும் கேட்டிருப்பார்.

ஓராண்டு, ஈராண்டு அன்று. பத்தாண்டுக்கும் மேலாக இது தொடர்ந்தது. ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, ஆண்டுதோறும் தை மாதக் குளிரில் திருவையாற்றுக்கு வந்து, தாம் கட்டிய சுவருக்குப் பின்னால் அமர்ந்து பாடிவிட்டுப் போனார்.

அதே 1927-இல் மற்றொரு போராட்டமும் அவர் முன் நின்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் குரல் கொடுத்தார். சென்னை மாகாண தேவதாசிகள் சங்கத்தின் தலைவியாக இருந்து அதை எதிர்த்தவர் நாகரத்தினம்மாள். முத்துலட்சுமி அம்மையாரின் தாயாரும் அதே மரபில் வந்தவரே. அச்சமூகத்துச் சிறுமியர் பட்ட துயரம் அவர் அறியாததன்று. நாகரத்தினம்மாளோ, வித்தையையும் சொத்துரிமையையும் தெய்வ கைங்கரியத்தையும் காத்து வந்த பெண்கள் அனைவரையும் ஒரே பழிச்சொல்லால் மூடிவிடுவதை ஏற்க மறுத்தார். வரலாறு முத்துலட்சுமி அம்மையாரின் பக்கம் தீர்ப்பளித்தது. 1947-இல் சட்டமும் நிறைவேறியது. அத்தீர்ப்பு சரியே. ஆயினும் அத்துடன் ஒரு பெரும் கலைச்செல்வத்தின் உரிமையாளர்கள் பெயரின்றி மறைந்தார்கள் என்ற அம்மையாரின் அச்சமும் பொய்க்கவில்லை.

திருவையாற்றில் காலம் கனிந்தது. ஐ.சி.எஸ். அதிகாரி எஸ். ஒய். கிருஷ்ணசுவாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலானோரின் முயற்சியால் 1940-ஐ ஒட்டிக் கட்சிகள் இணைந்தன. பிரிந்து நின்ற ஆண்களின் இரு அணிகளோடு பெண்கள் கட்சியும் அந்த இணைப்பில் ஓர் அங்கமாயிற்று. சந்நிதியின் பின்புறத்தில் இருந்து பெண்கள் முன்புறத்துக்கு வந்தார்கள். பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் கூடிப் பாடும் வழக்கமும் அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. இன்று அதைத் தொன்றுதொட்ட சம்பிரதாயமாக நினைக்கிறோம். வயதில் மூத்த வாசகர் சிலருக்கு அது இளைய உடன்பிறப்பு.

அம்மையார் தம் இறுதிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். சென்னையின் செல்வ வாழ்வை விட்டு வந்து, எளிய வாழ்க்கை வாழ்ந்தார். கண்மூடும் முன் ஒரு காரியத்தை மறவாமல் முடித்தார்: உயில். தம் உடைமைகளைச் சுவாமிகளின் கைங்கரியத்துக்கென அறக்கட்டளையாக்கினார். அச்சந்நிதியில் பெண்களுக்கு உள்ள வழிபாட்டு உரிமை தடைபடக்கூடாது என்பதை அதில் எழுத்தில் வைத்தார். பத்தாண்டு பின்புறத்தில் அமர்ந்திருந்தவருக்கு வாய்மொழி உறுதியின் மதிப்பு தெரிந்திருந்தது.

1952 மே 19 அன்று நாகரத்தினம்மாள் காலமானார். சுவாமிகளின் சந்நிதிக்கு எதிரிலேயே அவருக்கும் ஒரு நினைவிடம் அமைந்தது. அங்கு அம்மையாரின் சிலை சந்நிதியை நோக்கியபடி இருக்கிறது. ஆராதனை நாளில் கூட்டம் மிகுதியாக இருக்கும். முண்டியடித்துச் சுவாமிகளைத் தரிசித்துவிட்டுத் திரும்புகையில் பலர் அந்தச் சிறு நினைவிடத்தைக் கவனியாமலே கடந்து போகிறார்கள். கூட்டம் கலைந்த பிற்பகலில் சென்றால் அமைதியாக நின்று பார்க்கலாம். அம்மையாருக்கும் சுவாமிகளுக்கும் இடையே அங்கு சுவர் ஏதும் இல்லை.