குறைந்த பொருளில் விளையாட்டுக் கணிப்பொறி

விளையாட்டு என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் பந்தும் மட்டையும் நினைவிற்கு வந்த காலம் கழிந்து, திரையும் விசைப்பலகையும் நினைவிற்கு வருங்காலம் வந்துவிட்டது. இம்மாற்றம் நன்றோ தீதோ என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் விடுதி மாணவருள் பலர் விளையாட்டிற்கு ஏற்ற கணிப்பொறியொன்றை உறுப்பு உறுப்பாகத் தாமே தெரிந்து வாங்கிப் பூட்டிக்கொள்ள விரும்புகின்றனர். அவருள் மிகப் பலர்க்குக் கையிலுள்ள பொருள் சிறிதே. அச்சிறு பொருளை எவ்வுறுப்பிற்கு எவ்வளவு பகிர்தல் வேண்டும் என்பதை, எம் இல்லத்தில் நேர்ந்த இழப்பொன்றைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றேன். யாப்பும் அணியும் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். கைப்பொருள் கொடுத்துக் கற்ற பாடம் ஆகலின், சொல்ல உரிமையுண்டு என்றே கருதுகின்றேன்.

எம் ஊர் ஆய்க்குடி. தென்காசிக்கு அணித்தாயுள்ள அவ்வூரை முருகன் கோயிலாலும், 1981ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அமர் சேவா சங்கத்தாலும் பலர் அறிவர். எம் அன்னையார் பீடி சுற்றும் கூலியிலிருந்து மாதந்தோறும் சீட்டுக் கட்டி வந்தார்கள். 2024ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், சீட்டு முடிந்து கிடைத்த 45,000 ரூபாயைப் பாலிடெக்னிக்கில் பயிலும் என் தம்பியிடம் கொடுத்து, படிப்பிற்கு வேண்டிய கணிப்பொறியை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். படிப்பிற்கு உதவும் பொறி விளையாட்டிற்கும் உதவட்டும் என்று நாங்கள் இருவரும் ஓர் இரவெல்லாம் விழித்திருந்து பட்டியல் எழுதினோம். சாமான்கள் வந்து இறங்கிய அன்று, அன்னையார் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இவற்றுள் எது கெட்டால் மற்றவையும் கெடும்?" என்று கேட்டார்கள். எங்கட்கு விடை தெரியவில்லை. ஒன்றும் கெடாது என்று சொல்லிச் சிரித்துவிட்டோம்.

உறுப்புகளின் பெயரை முதற்கண் அறிதல் நலம். கடைத்தெருவில் வழங்கும் பெயர்களையே யானும் வழங்குவேன். கணக்கிடும் மூளையாவது பிராசஸர். காட்சிகளைத் தீட்டித் திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. நடைபெறும் வேலைக்கு வேண்டியவற்றைக் கையருகில் வைத்திருப்பது ராம். விளையாட்டுகளையும் பிறவற்றையும் நிலையாகச் சேமித்து வைப்பது எஸ்.எஸ்.டி. இவையனைத்தையும் தன்மீது தாங்கி இணைப்பது மதர்போர்டு. வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை இவ்வுறுப்புகள் தாங்கத்தக்க சிறிய அழுத்தமாக மாற்றிப் பகிர்ந்தளிப்பது எஸ்.எம்.பி.எஸ். இவையெல்லாம் அடங்கிய கூடு கேபினெட். இனித் தெரியும் முறையைக் காண்போம்.

முதலாவது தெரிய வேண்டியது உறுப்பன்று. எவ்விளையாட்டு, எத்திரை என்பதே. கனடா நாட்டு டொரொண்டோ நகரத்து விசை கேம்ஸ் என்பார் 2023ஆம் ஆண்டில் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். 1980ஆம் ஆண்டுகளில் அந்நாட்டிற் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்த சமையற் குறிப்பேட்டைத் துணைக்கொண்டு தன் ஊர்ச் சமையலை மீட்டெடுப்பதே அதன் கதை. 2024ஆம் ஆண்டில் அது பாஃப்டா பரிசும் பெற்றது. அதனை ஆடத் தனிக் கிராபிக்ஸ் கார்டே வேண்டுவதில்லை. பிராசஸரினுள் அமைந்த கிராபிக்ஸே போதும். 'வேலொரண்ட்', 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' முதலிய போட்டி விளையாட்டுகள் பெரும்பாலும் கார்டினும் பிராசஸரையே மிகுதியாக நாடுவன. பரந்த நகரங்களையும் காடுகளையும் நுட்பமாகக் காட்டும் பெருங்கதை விளையாட்டுகட்கே வலிய கார்டு இன்றியமையாதது. ஆகவே, ஆடப்போகும் விளையாட்டு இரண்டு மூன்றின் பெயரைத் தாளில் எழுதாதவன் கடைக்குப் போதல் கூடாது.

திரையின் கணக்கும் எளிதே. 1920×1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள. 3840×2160 அளவிலோ அவற்றினும் நான்கு மடங்காகிய 82,94,400 புள்ளிகள். ஒவ்வொரு படத்திற்கும் இப்புள்ளிகள் அனைத்தையும் கார்டு தீட்டுதல் வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை நொடியொன்றிற்கு 60 படங்களைக் காட்டும். 144 ஹெர்ட்ஸ் திரை 144 படங்களைக் காட்டும். குறைந்த பொருளுடையார்க்கு 1920×1080 திரையே தக்கது.

எங்கள் முதற்பிழை ஈண்டே நேர்ந்தது. ஆர்.எக்ஸ். 6600 என்னும் கார்டிற்கே ஏறத்தாழப் பாதிப் பொருளைக் கொடுத்தோம். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த அது, 1920×1080 திரைக்கென அமைந்த நல்ல கார்டே. ஆனால் மானிட்டருக்குப் பணம் மிஞ்சவில்லை. சித்தப்பா வீட்டிலிருந்த 1366×768 அளவுள்ள பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரைக் கேட்டு வாங்கி மாட்டினோம். அதன் புள்ளிகள் 10,49,088. கார்டு எத்திரைக்கென அமைந்ததோ அதனிற் பாதியளவே. கார்டு நொடிக்கு 150 படங்களைத் தீட்டினும், அத்திரை காட்டுவது அறுபதே. கண்ணிற்குத் தெரியாத படங்களுக்கு விலை கொடுத்தோம் என்பதைத் தம்பி பல மாதம் ஒப்புக்கொள்ளவில்லை. யானும் அவனை வற்புறுத்தவில்லை.

இரண்டாவது, உறுப்புகளின் பொருத்தம். வெண்பாவில் நின்ற சீரும் வருஞ்சீரும் பொருந்தாவிடின் தளை தட்டும். தனித்தனியே சொற்கள் எவ்வளவு இனியவாயினும் பயனில்லை. கணிப்பொறியும் அத்தகையதே. ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஏ.எம்.4 மதர்போர்டில் டி.டி.ஆர்.4 ராம் ஒன்றே பொருந்தும். 2022ஆம் ஆண்டில் வந்த ஏ.எம்.5 மதர்போர்டில் டி.டி.ஆர்.5 ஒன்றே பொருந்தும். ஒன்றற்குரிய பிராசஸர் மற்றொன்றில் அமராது. ஏ.எம்.4 விலை குறைந்த பழைய வழி, ஏ.எம்.5 விலை மிகுந்ததேனும், பின்னர்ப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள இடந்தருவது. இன்டெல் பிராசஸர்களுள் பெயரின் இறுதியில் எஃப் என்னும் எழுத்துடையன உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாதன. கார்டு இன்றி அவற்றால் திரையில் ஒன்றும் காட்டவியலாது. ரைசன் 5 5600 என்பதும் அத்தகையதே. ரைசன் 5 5600ஜி என்பதோ உள்ளமைந்த கிராபிக்ஸ் உடையது. இப்போது கார்டு வாங்க இயலாதவர் அத்தகைய பிராசஸரைக் கொண்டு தொடங்கிப் பொருள் சேர்ந்தபின் கார்டைச் சேர்க்கலாம். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 போன்ற கார்டுகள் பழைய பிராசஸரோடு சேர்ந்தால் தம் முழு ஆற்றலைக் காட்டமாட்டா. ராம் 16 ஜிகாபைட் வேண்டின், ஒரே 16ஆக வாங்காது, இரண்டு எட்டாக வாங்குதல் நலம். இரு வழியே செய்தி செல்லுதலின் வேகம் மிகும். உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பியிருப்பார்க்கு இவ்வேறுபாடு பெரிது. அது ராமையே தன் நினைவகமாகக் கொள்வதாகலின்.

மூன்றாவதும் தலையாயதும் எஸ்.எம்.பி.எஸ். பிற உறுப்புகள் அனைத்தும் வாங்கியபின் எங்களிடம் எஞ்சிய பொருள் ஏறத்தாழ 2,500 ரூபாய். அதற்கு வண்ணவிளக்கும் கண்ணாடிப் பக்கமும் உடைய கேபினெட்டு ஒன்று, உள்ளே எஸ்.எம்.பி.எஸ். பூட்டப்பெற்றே கிடைத்தது. அதன்மீது 450 என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் பக்கத்திலிருந்த சிறு கட்டத்தை நாங்கள் படிக்கவில்லை. பிராசஸரும் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தை 12 வோல்ட் வழியிலிருந்தே கொள்வன. எங்கள் எஸ்.எம்.பி.எஸ்ஸின் 12 வோல்ட் வழியில் எழுதப்பெற்றிருந்தது 18 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கின் வாட் வரும்; 12×18=216. எங்கள் கார்டிற்கு 132 வாட்டும், பிராசஸருக்கு 65 வாட்டும் என அவற்றைச் செய்தோரே குறித்துள்ளனர், கூட்டின் 197. எஞ்சியது 19 வாட். அதனைக்கொண்டே மின்விசிறியும் விளக்குகளும் பிறவும் இயங்குதல் வேண்டும். காட்சி மாறும்போது கார்டு கணநேரம் தன் அளவிற்கு மேலும் இழுக்கும் என்பதை நினைப்பின், அப்பொறி ஐந்து திங்கள் ஓடியதே வியப்பு.

2025ஆம் ஆண்டு மே மாதத்து மாலையொன்றில் கோடைமழை பெய்தது. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாம் முறை வந்தபோது கேபினெட்டினுள் 'பட்' என்றோர் ஒலி கேட்டது. தொடர்ந்து கருகல் நாற்றம் எழுந்தது. எஸ்.எம்.பி.எஸ். எரிந்ததோடன்றி, மதர்போர்டையும் உடன் கெடுத்துவிட்டது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றில் அழுத்தம் மிகினும், இழுப்பு மிகினும், கம்பிகள் ஒன்றோடொன்று தொடினும் தானே நின்றுவிடும் காப்பு அமைந்திருக்கும். மலிவானவற்றில் அக்காப்பு இல்லாமையின், தான் கெடும்போது தன்னைச் சார்ந்தவற்றையுங் கெடுக்கும். அன்னையார் கேட்ட கேள்விக்கு விடை அன்றுதான் கிடைத்தது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலை வழக்கம்போல் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற அமர்ந்தார்கள். அவர்கள் வைதிருந்தால் எங்கட்கு எளிதாயிருந்திருக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். தெரிவோர் 12 வோல்ட் வழியின் ஆம்பியரைப் படித்துப் பெருக்கிப் பார்க்க. பிராசஸர், கார்டு இரண்டின் கூட்டுத்தொகையினும் ஒன்றரை மடங்கேனும் இருத்தல் வேண்டும். '80 பிளஸ்' என்னும் முத்திரை மின்சாரம் வீணாகாமையைக் காட்டுமேயன்றிக் காப்பினைக் காட்டாது. ஆகலின் உத்தரவாத ஆண்டுகளையும் உடன் நோக்குக.

நம் நாட்டுப்புறத்திற்கெனச் சில உள. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் நமக்கு இன்பந் தருவன. பொறிக்கோ ஈரத்தையும் புழுதியையும் தருவன. சன்னலோரத்தில் கேபினெட்டை வையாதீர். முகப்பு முழுதும் கண்ணாடியாயிருப்பதினும், காற்றுப் புகும் வலையாயிருப்பதே சிறந்தது. வீட்டில் எர்த் சரியாக உள்ளதா என்பதை எலக்ட்ரீசியனைக் கொண்டு முதலிற் பார்த்தல் வேண்டும். யு.பி.எஸ். வாங்கின் அதன் வாட் அளவையும் நோக்குக; 600 வி.ஏ. என்று எழுதிய சிறியது பெரும்பாலும் 360 வாட்டே தாங்கும். சென்னை ரிச்சி தெருவில் விலை சிறிது குறையலாம். ஆயின் அஃது இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது. கெட்ட உறுப்பொன்றை மாற்றப் பொதிகை விரைவு வண்டியில் போய்வரும் செலவையும் விலையோடு கூட்டுக. பழுதுபார்க்கும் நிலையம் திருநெல்வேலியிலோ மதுரையிலோ உடைய நிறுவனத்தின் பொருளே நமக்கு மலிவு. ஜி.எஸ்.டி. ரசீதின்றி ஒன்றும் வாங்காதீர்.

பழைய பொருள் வாங்க எண்ணுவோர்க்கும் ஒரு சொல். அலுவலகங்கள் கழித்த கணிப்பொறிகள் மலிவாகக் கிடைக்கும். விண்டோஸ் 10இற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தமையின், விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸரா எனப் பார்த்தல் வேண்டும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதன் பின்னவையும் பொதுவாகத் தகுவன. அத்தகைய பொறிகளின் எஸ்.எம்.பி.எஸ். சிறியதாகலின், மதர்போர்டின் துளையிலிருந்தே மின்சாரங் கொள்ளும் கார்டைத்தான் மாட்டலாம். அத்துளை தரும் உச்ச அளவு 75 வாட். 2019ஆம் ஆண்டில் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 கார்டுகளுள் பல அவ்வகையின. மிகக் குறைந்த பொருளுடையார்க்கு இதுவே நேரிய வழி.

இறுதியாகப் பங்கீடு. திரையை நீக்கி எஞ்சிய பொருளை நூறாகக் கொண்டால், கார்டிற்கு 35, பிராசஸருக்கும் மதர்போர்டிற்கும் 30, ராமிற்கும் எஸ்.எஸ்.டி.க்கும் 20, எஸ்.எம்.பி.எஸ்ஸிற்கும் கேபினெட்டிற்கும் 15 என்பது என் கணக்கு. இது மாறாத விதியன்று. 2025ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மிகுதியாக வாங்கியமையால், ராமின் விலை சில திங்களில் இரட்டிப்புக்கு மேல் ஏறிற்று. அத்தகைய காலத்தில் கார்டின் பங்கைக் குறைக்கலாம், எஸ்.எம்.பி.எஸ்ஸின் பங்கைக் குறைத்தலாகாது. கார்டு சிறியதாயின் காட்சி சிறிது மங்கும், எஸ்.எஸ்.டி. சிறியதாயின் ஒரு விளையாட்டை நீக்கி மற்றொன்றை ஏற்றலாம், எஸ்.எம்.பி.எஸ். தாழ்ந்ததாயின் அனைத்தும் போகும். பின்னர்ச் சேர்த்துக்கொள்ளக்கூடியவற்றில் சிக்கனமும், பிறவற்றைக் காப்பதில் தாராளமும் காட்டுதலே குறைந்த பொருளுடையான் கொள்ளத்தக்க நெறி.

தம்பி அவ்வாண்டு குற்றாலச் சீசனில், விடுமுறை நாள்களில் பழக்கடையொன்றில் நின்று மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றான். அக்கூலியைக் கொண்டு ஆகஸ்டு மாதத்தில் மதர்போர்டும், 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் வாங்கினான். கார்டும் பிராசஸரும் ராமும் பிழைத்திருந்தன. பொறியை மீண்டும் பூட்டிய அன்று அன்னையார் அருகே வந்து நின்றார்கள். அவர்கள் ஒன்றும் கேட்குமுன், தம்பி எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தொட்டுக் காட்டி, "இதுதான் அம்மா" என்றான். பழைய மானிட்டர் இன்னும் மாறவில்லை. அடுத்த சீசன் வரட்டும் என்கின்றான்.