உங்களுக்குத் தெரியுமா?

நிலக்கரிச் சுரங்கத்தில் உயிரைப் பறிக்கும் மீத்தேன் வாயு, அதே சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்புக்கு மின்சாரமாகவும் போயிருக்கிறது. ஜார்க்கண்டின் தன்பாத் அருகே மூனிடீ சுரங்கத்தில் நடந்த சோதனைத் திட்டம் அது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு, நிலக்கரிப் படுகையில் துளையிட்டு வாயுவை வெளியே எடுத்து, எரிவாயு ஜெனரேட்டரில் எரித்தார்கள்.

காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். முன்பெல்லாம் சுரங்கத்தில் பாதுகாப்பு விளக்கின் திரியைத் தாழ்த்திப் பார்ப்பார்கள். சுடரின் மேல் வெளிர்நீலத் தொப்பி போல ஒளி படர்ந்தால் வாயு இருக்கிறது என்று பொருள். இப்போது அதற்குக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் சுரங்கத்தின் பெரிய காற்றோட்ட விசிறிகள் வெளியே தள்ளும் வாயு வானத்துக்குத்தான் போகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். எரித்தால் அதுவும் கரியமில வாயுவாகத்தான் மாறும். ஆனால் கேடு பல மடங்கு குறையும், மின்சாரமும் கிடைக்கும்.

மூனிடீ திட்டத்தை மன்னார்குடி மீத்தேன் திட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சுரங்கமே இல்லாத நெல்வயல்களுக்கு அடியில் புதிதாகத் துளையிட இருந்த திட்டம். காவிரி டெல்டா விவசாயிகள் அதை எதிர்த்தது முற்றிலும் நியாயம். மூனிடீயில் எடுத்தது, எப்படியும் வெட்டப்போகும் கரியிலிருந்து கசியும் வாயுவை.