எந்தக் கல்லூரியில் சேர்வது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில நாட்களிலேயே நம் மாணவியர் சிலருக்கு இரண்டு மூன்று கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. இடம் கிடைக்குமா என்று ஏங்கிய வீட்டில், எதை ஏற்பது, எதை விடுவது என்ற புதுக் கவலை பிறக்கிறது.

அழைப்புகள் ஒரே நாளில் வருவதில்லை என்பதைப் பெற்றோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தனியார் கல்லூரிகள் முந்திக்கொள்ளும். பொறியியல் கலந்தாய்வு கடைசியில்தான் வரும். முதலில் வந்தது கைநழுவிவிடுமோ என்ற அச்சத்தில் அவசரமாகக் கட்டும் பணமே பல குடும்பங்களுக்குச் சுமையாகிறது.

அரசு கலைக் கல்லூரிகளில் மூன்று தரவரிசைப் பட்டியல்கள் உண்டு. தமிழ் இலக்கியத்திற்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்திற்கு ஆங்கில மதிப்பெண், மற்றப் பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண் என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே ஒரே மாணவியை நம் ஊர் அரசு கலைக் கல்லூரியே தமிழுக்கு ஒரு நாளும், வேதியியலுக்கு வேறொரு நாளும் அழைக்கலாம். வேதியியல் விரும்பும் பெண், தமிழுக்கு முதலில் அழைத்தார்கள் என்பதற்காக அதில் சேர்ந்துவிட வேண்டியதில்லை.

பாடமா, கல்லூரியா என்று கேட்டால் நான் பாடத்தின் பக்கமே நிற்பேன். 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணனுக்குப் பரோடாவில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதை விட்டு அதே ஊரில் இயற்பியல் படித்து 1971இல் பட்டம் பெற்றார். இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றபின் உயிரியலுக்குத் திரும்பினார். 2009இல் அவருக்குக் கிடைத்ததோ வேதியியலுக்கான நோபல் பரிசு! மருத்துவ இடத்தை விட்டபோது அக்கம்பக்கத்தார் என்னென்ன சொல்லியிருப்பார்களோ!

பாடம் ஒன்றாக இருந்தால் தூரத்தைப் பாருங்கள். காட்பாடியில் சலேசிய சகோதரிகள் 1954இல் தொடங்கிய ஆக்சீலியம் கல்லூரி பெண்களுக்கென்றே உள்ளது; ஆனால் இங்கிருந்து அது சுமார் 80 கிலோமீட்டர். தினமும் பேருந்தில் போய்வருவது இயலாது. விடுதிக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பௌர்ணமி கிரிவல நாளில் நம் பேருந்து நிலையத்தில் ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்டாஃப் கணக்கிடுகிறார்கள். ஒதுக்கப்பட்ட இடத்தை ஏற்று உடனே சேரலாம். அல்லது அதைக் கையில் வைத்துக்கொண்டே, விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே எழுதிய கல்லூரிக்காகக் காத்திருக்கலாம். மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். எனவே உண்மையில் வேண்டாத கல்லூரியை, பெயர் பெரிது என்பதற்காகப் பட்டியலின் மேலே எழுதாதீர்கள்.

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தமிழக அரசு 2010இல் அறிவித்த கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே சேர்பவர்களுக்கு மட்டுமே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிச் சேர்ந்தால் அது கிடைக்காது. படிக்காத பெற்றோர் நகையை அடகு வைத்து அவசரப்பட்டு இடம் வாங்கி, மகளுக்கு உரிய சலுகையைத் தாமே இழந்துவிடும் கொடுமை இதனால் நேர்கிறது. மாதம் ரூ.1000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கி, 2024 இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இதற்கான சான்றுகளைப் பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே ஓரிடத்தில் பணம் கட்டியிருந்தால் மனம் தளர வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால், சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் திரும்ப வேண்டும். அதன்பின், கடைசி நாள் வரை 90 விழுக்காடு. அடுத்த 15 நாட்களுக்குள் 80. 30 நாட்களுக்குள் 50. அதற்கு மேல் ஒன்றுமில்லை. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புதல் பெறுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தரவேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளது. மாற்றுச் சான்றிதழோ ஒன்றே ஒன்றுதான். எங்கே சேர்வது என்று முடிவாகும்வரை அது அப்பாவின் பீரோவிலேயே இருக்கட்டும், நகல்களை மட்டும் கொண்டுபோங்கள்.