ஒரு சூட்கேஸ், ஒரு கோட், ஒரு கிண்ணம் கஞ்சி: இனப்படுகொலை மியூசியத்துல என்னதான் இருக்கும்?

லோயர் கேம்ப் பென்னிகுக் மணிமண்டபத்துக்குப் போகாத கம்பம் பள்ளத்தாக்குக்காரங்க குறைவு. சிலை முன்னாடி நின்னு செல்ஃபியும் எடுத்திருப்பீங்க. 1895-ல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையைக் கட்டும்போது மலேரியா, காலரான்னு நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இறந்திருக்காங்க. அவங்கள்ல ஒருத்தரோட பேராவது உங்களுக்குத் தெரியுமா?

நோயில் செத்தவங்க பேரே இப்படிக் காணாமப் போகுதுன்னா, ஒரு இனத்தோட சுவடே இருக்கக் கூடாதுன்னு திட்டம் போட்டுக் கொன்ற இடங்கள்ல என்ன மிஞ்சும்? உலகம் முழுக்க இனப்படுகொலை மியூசியங்கள் செய்ற வேலையே, அந்த மிச்சத்தைத் தேடிப் பிடிக்கிறதுதான்.

இரண்டாம் உலகப்போர் காலத்துல நாஜிகள் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றாங்க. ஹோலோகாஸ்ட்னு சொல்றது இதைத்தான். 60 லட்சம்னு படிச்சதும் மனசுல என்ன படம் வருது? பெரும்பாலும் ஒண்ணும் வராது. கண்காட்சி வைக்கிறவங்களுக்கும் இது நல்லாத் தெரியும். அதனால எண்ணிக்கையைச் சொல்றதோட நிறுத்தாம, பொருளைக் காட்டுறாங்க.

போலந்துல இருக்கிற ஆஷ்விட்ஸ் வதைமுகாம் 1947-ல் மியூசியமாச்சு. அங்கே ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி சூட்கேஸ்கள் குவிஞ்சு கிடக்கும். பலதுல சொந்தக்காரரோட பேரும் ஊரும் பெரிய எழுத்துல எழுதியிருக்கும். ஏன் எழுதினாங்க? வேற ஊர்ல குடியமர்த்தப் போறோம்னு சொல்லித்தான் பலரை ரயில்ல ஏத்தினாங்க. போற இடத்துல பெட்டி கைக்கு வந்துடும்னு அவங்களும் நம்பினாங்க. வாஷிங்டன்ல 1993-ல் திறந்த ஹோலோகாஸ்ட் மியூசியத்துல நுழையும்போதே ஒரு அடையாள அட்டை கொடுப்பாங்க. அந்தக் காலத்துல நிஜமா வாழ்ந்த ஒருத்தரோட கதை அதுல இருக்கும். அவர் பிழைச்சாரா இல்லையாங்கிற பதற்றத்தோடயே நீங்க சுத்திப் பார்க்கணும்.

நம்ம நாட்டுல இதுக்கு நெருக்கமானது, அமிர்தசரஸ்ல 2017-ல் திறந்த பிரிவினை அருங்காட்சியகம். அங்கே ஒரு பூவேலை கோட்டும் ஒரு தோல் பெட்டியும் இருக்கு. கோட் பெண்ணோடது, பெட்டி ஆணோடது. ரெண்டு பேருக்கும் பிரிவினைக்கு முன்னாடியே கல்யாணம் பேசியிருந்தாங்க. கலவரத்துல தனித்தனியா ஓடிவந்தவங்க, அகதி முகாம்ல சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டாங்க. 1948-ல் கல்யாணம். எந்த சினிமாவும் தோத்துப்போகும்!

சரி, தமிழ்நாட்டுல? கம்பத்துல பஸ் ஏறி மதுரை, அங்கிருந்து தஞ்சாவூர் போனா, விளார் சாலையில் முள்ளிவாய்க்கால் நினைவு முற்றம் இருக்கு. 2009 மே மாசம் முடிஞ்ச இலங்கைப் போரோட கடைசிக் காட்சிகளைக் கல்லுல செதுக்கி, 2013 நவம்பர்ல திறந்தாங்க. சில நாள்லயே, நெடுஞ்சாலை நிலத்தை ஆக்கிரமிச்சதாச் சொல்லி அதிகாரிகள் சுற்றுச்சுவரை இடிச்சாங்க. அந்தப் போரோட கடைசி மாதங்கள்ல 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. நடந்தது இனப்படுகொலைங்கிறதை இலங்கை அரசு இன்னும் ஏத்துக்கலை. அப்படிப்பட்ட சூழல்ல அந்தக் கற்கள் நிற்கிறதே பெரிய விஷயம். ஆனாலும் ஒண்ணு தோணுது. சிற்பத்துல ஒரு தாய்னா அது எல்லாத் தாயும்தான். 'இவங்க இன்னார், இது இவங்களோட பை'ன்னு சொல்ல ஒரு பொருள் வேணும்.

சொல்லப்போனா, இதுவரைக்கும் வந்ததிலேயே வலுவான 'கண்காட்சிப் பொருள்' எந்தக் கட்டடத்துலயும் இல்லை. அது முள்ளிவாய்க்கால் கஞ்சி. குண்டு விழுந்துக்கிட்டிருந்த கடைசி நாள்கள்ல மக்கள் உயிரைப் பிடிச்சுவெச்சிருந்த வெறும் அரிசிக் கஞ்சியை, வருஷாவருஷம் மே மாசம் காய்ச்சி ஊத்துறாங்க. 2024-ல் திருகோணமலை மாவட்டம் சம்பூர்ல இதைக் கொடுத்ததுக்காகக் கைதே நடந்துச்சு. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு அவ்வளவு பயம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1983-லிருந்து கடல் தாண்டி வந்தவங்க இருக்கிற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் தேனி மாவட்டத்துலயும் உண்டு. ('அகதிகள் முகாம்'ங்கிற பேரை 2021-ல்தான் அரசு இப்படி மாத்துச்சு.) முதல்ல வந்தப்போ இளவட்டமா இருந்தவங்க இப்போ தாத்தா, பாட்டி. ஒரு பள்ளிச் சான்றிதழ், படகுல நனைஞ்ச கல்யாண போட்டோ, பூட்டிட்டு வந்த வீட்டோட சாவின்னு ஏதாவது அவங்க டிரங்குப் பெட்டியில இருக்கலாம். வீடு மாறும்போதோ பெரியவங்க தவறும்போதோ குப்பைக்குப் போறதும் இதெல்லாம்தான்.

முகாமுக்குள்ள வெளியாட்கள் நினைச்ச நேரத்துக்குப் போக முடியாது. வேடிக்கை பார்க்கப் போகவும் கூடாது. ஆனா உங்க காலேஜ்ல, வேலை செய்ற கடையில அங்கிருந்து வர்ற ஃப்ரெண்டு இருக்கலாம்ல? 'உங்க வீட்ல எத்தனை பேர் செத்தாங்க'ன்னு கேட்காதீங்க. 'தாத்தா அங்கேயிருந்து என்ன கொண்டுவந்தாங்க'ன்னு கேளுங்க. சொல்ல இஷ்டம் இல்லைன்னா விட்டுடுங்க. சொன்னா, அனுமதி வாங்கிட்டு அந்தப் பொருளை மட்டும் வெளிச்சத்துல வெச்சுப் படம் எடுங்க, முகம் வேண்டாம். யாரோடது, எந்த ஊர், எந்த வருஷம்னு ஃப்ரெண்டையே கூட எழுதச் சொல்லுங்க. பழைய புத்தகம், கடிதம் மாதிரியானதுன்னா, ஈழத்து ஆவணங்களை 2005-லிருந்து டிஜிட்டலாக்கிட்டு வர்ற 'நூலகம்' தளத்தைப் பத்தியும் அவங்களுக்குச் சொல்லலாம். கொடுக்கிறதும் கொடுக்காததும் அவங்க முடிவு.