கட்டுமரமும் கணியமும்

நாஞ்சில் நாடு என்றதும் நெல்வயலும் குளங்களும் வாழைத் தோப்புகளும் நம் நினைவுக்கு வருகின்றன. இம்மாவட்டத்திற்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளக் கடற்கரையும் உண்டு. முட்டம், கடியப்பட்டணம், கன்னியாகுமரி ஆகிய இடங்களில் பெரும் பாறைகள் அலைகளுக்கு நடுவே தலைநீட்டி நிற்பதை நாம் பார்த்து மகிழ்கிறோம். பாறைகளுக்கு அப்பால் ஒருவர் சிறு மரத்தில் அமர்ந்து தூண்டில் போடுவதைக் கண்டால், "எவ்வளவு நிம்மதியான வேலை!" என்று வியக்கிறோம். அந்த அமைதிக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு ஒன்று இருக்கிறது. அதை இங்கே காண்போம்.

கட்டுமரம்

எடை குறைந்த மரத்தடிகளைச் செதுக்கி, கயிற்றால் இறுகக் கட்டுவதால் இதற்குக் கட்டுமரம் என்று பெயர். படகுக்குள் நீர் புகுந்தால் இறைக்க வேண்டும், இறைக்காவிட்டால் மூழ்கும். கட்டுமரத்திலோ, மேலே ஏறிய நீர் மரங்களின் இடைவெளி வழியே தானே வடிந்துவிடும். ஆகவே பேரலை வந்து மூடினாலும் அது மிதக்கும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். நனைந்த மரம் கனக்கும் அன்றோ!

வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள் சீல் தோலைப் போர்த்தி 'கயாக்' என்னும் ஒடுங்கிய படகைச் செய்தனர். இன்று பல நாடுகளில் மக்கள் பிளாஸ்டிக் கயாக்கில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கின்றனர். அவற்றுள் பல, நீர் தானே வடியும்படி துளைகளுடன் அமைந்தவை. நம் முன்னோர் மரத்திலும் கயிற்றிலும் கண்ட அதே தத்துவம்தான் அது! கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லும் 'கட்டமரான்' என்று மாறி ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலிலேயே அச்சொல்லைக் கையாண்டுள்ளார்.

பார்

கரையில் நாம் காணும் பாறைகளைப் போலவே கடலடியிலும் பாறைகள் உண்டு. அவற்றை மீனவர் 'பார்' என்பர். பாரில் பாசியும் சிப்பியும் ஒட்டி வளரும். அவற்றைத் தேடிச் சிறு மீன்கள் வரும். சிறு மீன்களைத் தேடிக் களவா, பாரை, விளமீன் போன்றவை வரும். வலை வீசினால் பாறையில் சிக்கிக் கிழியும். எனவே பாருக்கு ஏற்றது தூண்டிலே. ஆனால் நீருக்கடியில் மறைந்திருக்கும் பாரை, அடையாளமே இல்லாத கடற்பரப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கணியம்

இதற்கு விடைதான் கணியம். கடலிலிருந்து கரையைப் பார்க்கும்போது, அருகிலுள்ள ஒரு பொருளும் தொலைவிலுள்ள ஒரு பொருளும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் அமையும் இடம் உண்டு. எடுத்துக்காட்டாக, ஓர் ஆலயக் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒரு மலையுச்சி தெரிகிறது என்போம். அப்போது கட்டுமரம் ஒரு நேர்கோட்டின்மேல் இருக்கிறது. அக்கோட்டை விட்டு விலகாமல் சென்றால், வேறொரு பக்கத்தில் கலங்கரை விளக்கமும் மற்றொரு குன்றும் நேராகும். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே பார் இருக்கும் இடம்! வெவ்வேறு திசையில் செல்லும் இரு நேர்கோடுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டும் என்று வடிவியல் வகுப்பில் நாம் படிக்கிறோம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத முதியவரும் அதைக் கடலில் செய்து காட்டினார். தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்த குடும்பச் சொத்து அது. அயலாருக்கு எளிதில் சொல்லமாட்டார்கள்.

காற்றையும் அவர்கள் கணக்கில் வைத்தனர். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அதன் துணையால் பாய் விரித்துச் சென்றனர். பகலில் நிலம் சூடாவதால் காற்று திரும்பும். அதன் துணையால் கரை வந்தனர். கரையில் மீன் ஏலம் போகும். கடவத்தில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்று, குடும்பத்தைக் காத்தவர்கள் தாய்மார்களே.

இன்று

1980-களில் பெல்ஜியம் நாட்டுக் குருவும் பொறியாளருமான பியேர் ஜில்லே முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்க உழைத்தார். பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும் இயந்திரங்களும் பெருகின. மரக் கட்டுமரங்கள் மிகவும் குறைந்துவிட்டன. பார் இருக்கும் இடத்தை இப்போது ஜி.பி.எஸ். கருவி காட்டுகிறது. இதனால் உழைப்புக் குறைந்தது, தொலைவும் எளிதாயிற்று. இதை நாம் வரவேற்க வேண்டும். ஆயினும் 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் நம் மாவட்ட மீனவர் பலரின் உயிரைப் பறித்ததை மறக்க முடியுமா? கருவியும் வேண்டும், காலத்தோடு எச்சரிக்கையும் வேண்டும், வானையும் நீரையும் படிக்கும் கண்ணும் வேண்டும்.

கணியம் எழுதப்படாத நூல். அதை அறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது அந்நூலில் ஓர் ஏடு கிழிகிறது. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவியரே! உங்கள் பாட்டனாரிடம் பார்களின் பெயர்களையும் கணியங்களையும் கேட்டு, அவர் இசைந்தால் ஏட்டில் எழுதி வையுங்கள். மகனுக்கு மட்டும் சொல்லப்பட்ட அறிவு, பேத்தியின் கையெழுத்தால் நிலைக்கட்டும். உள்நாட்டு ஊர்களிலிருந்து வரும் தோழியரே! மீன் விற்கும் தாயைக் காணும்போது, அக்கடவத்தில் மீனோடு எத்துணை அறிவும் துணிவும் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.