வாடகை எழுதப்படாத சுவர்

1943 ஆகஸ்ட் 29ஆம் திகதி, கொழும்பு கறுவாத்தோட்டத்தில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்டின் வீட்டில் சில ஓவியர்கள் கூடி '43 குழுவைத் தொடங்கினார்கள். வென்டுக்கு அப்போது வயது 42. குழுவின் ஓவியர்களில் ஜோர்ஜ் கீற்றுக்கும் 42. ஹரி பீரிசுக்கு 39, ஐவன் பீரிசுக்கு 22, ரிச்சர்ட் கேப்ரியலுக்கு 19. வென்டுக்கும் கேப்ரியலுக்கும் இடையே 23 ஆண்டுகள். முதல் கண்காட்சி அதே ஆண்டு நவம்பரில் நடந்தது. தொடங்கி மூன்று மாதத்துக்குள் சுவரில் படம் ஏறிவிட்டது.

இந்த வேகத்தை ரசனையும் துணிவும் மட்டும் கொடுத்துவிடவில்லை. கூடுவதற்கு ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டுக்காரரிடம் வசதி இருந்தது. கூட்டம் நடந்த அறைக்கு வாடகை பூச்சியம். நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் எந்தக் கலைக் குழுவிலும் ஆகப் பெரிய செலவு பெரும்பாலும் இப்படித்தான், யாரோ ஒருவரின் அன்பாக, கணக்குக் கொப்பிக்கு வெளியே நின்றுவிடுகிறது.

1944 டிசம்பர் 19ஆம் திகதி வென்ட் இறந்தார். குழுவுக்கு அப்போது வயது 16 மாதம்கூட ஆகவில்லை. அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் 1952இல் லண்டனிலும் 1953இல் பாரிசிலும் இந்தக் குழுவின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வென்டின் வீடு நின்ற நிலத்தில் 1953இல் அரங்கம் திறக்கப்பட்டது, 1959இல் கலைக்கூடம். ஹரி பீரிஸ் பார்ன்ஸ் பிளேசில் இருந்த தம் வீட்டையே 1974இல் சபுமல் அறக்கட்டளையாக மாற்றினார். குழுவின் ஓவியங்களை இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம். ஆக, நம் நாட்டு நவீன ஓவியத்தின் பெரும்பகுதியைத் தாங்கியவை இரண்டு வீடுகள். இரண்டும் கொழும்பு 7இல்.

வெள்ளவத்தை கொழும்பு 6, கொட்டாஞ்சேனை கொழும்பு 13. இங்கே தொடர்மாடியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க அப்படிப்பட்ட வீடு இல்லை. கண்காட்சிக்கு 12 அடிக்கு 14 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 52 அடி. கதவுக்கு 3 அடியும் யன்னலுக்கு 5 அடியும் கழித்தால் 44 அடி, அதாவது 13 மீற்றரும் கொஞ்சமும். 60 சென்ரிமீற்றர் அகலப் படம், பக்கத்தில் 40 சென்ரிமீற்றர் இடைவெளி என்றால் ஒரு படத்துக்கு ஒரு மீற்றர் போகும். 13 படம் மாட்டலாம். 24 படம் என்றால் இரண்டு அறை வேண்டும். கட்டிலையும் அலுமாரியையும் எங்கே தள்ளுவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சுவருக்கு அடுத்தது மொழி. 24 படத்துக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று அட்டை வைத்தால் 72 அட்டைகள். ஓர் அட்டைக்கு 60 சொல் என்றால் 4,320 சொற்கள். கொழும்பில் தமிழ் அட்டை பல இடங்களில் கடைசி இரவில், சம்பளம் இல்லாமல், குழுவில் தமிழ் தெரிந்த ஒரே ஆளின் தலையில் விழுகிறது. பிழையோடு அச்சாகிறது. மொழிபெயர்ப்புக்கும் சரிபார்ப்புக்கும் காசு ஒதுக்காத திட்டத்தை நான் முழுமையான திட்டமாக எண்ண மாட்டேன். காவல் இருப்பதும் அப்படித்தான்: பத்து நாள், நாளுக்கு ஆறு மணித்தியாலம், இரண்டு பேர் என்றால் 120 மணித்தியாலம். காசு கொடுக்க முடியாவிட்டாலும் யார் எத்தனை மணித்தியாலம் இருந்தார் என்பது கொப்பியில் ஏற வேண்டும்.

விலைகள் நமக்காக நிற்பதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வெளிநாட்டு வர்ணமும் கன்வசும் அந்தக் கணக்கில்தான் வந்து சேரும். வற் வரி 2022 தொடக்கத்தில் 8 வீதம், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். ஒரு லட்சம் ரூபாய்ச் சாமானில் இந்த வரி மாற்றம் மட்டுமே 10,000 ரூபாய்.

புரவலர் இல்லாமல் நின்றவர்களும் உண்டு. சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் உருவானது. ஏறத்தாழ 10 ஏக்கர். ஓவியர்கள் பற்றிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற வருமானம்தான் அந்த நிலத்துக்கு அடித்தளம். ஓவியம் விற்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

வெள்ளவத்தையில் நமக்குத் தெரிந்த வழி சீட்டு. பத்து நண்பர்கள், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய், பதினொரு மாதம். முதல் மாதத்து ஒரு லட்சம் குழுவுக்கு. அடுத்த பத்து மாதமும் மாதத்துக்கு ஒருவர் ஒரு லட்சம் எடுக்கலாம். ஒருவர் கட்டுவது 1,10,000, எடுப்பது 1,00,000. குறையும் 10,000தான் குழுவுக்கு அவர் கொடுத்த பங்கு. அதை ஒரே தடவையில் கேட்டு வாங்கினாலும் குழுவுக்குக் கிடைப்பது அதே ஒரு லட்சம்தான். ஆனால் சீட்டாகப் போட்டால் ஒவ்வொருவருக்கும் தன் வேலைக்கு, சட்டம் அடிக்க, பெரிய கன்வஸ் வாங்க, ஒரு முழுத் தொகை கையில் வருகிறது. பதினொரு மாதமும் எல்லாரும் மாதம் ஒருமுறையாவது ஒரே மேசையில் இருக்கவும் வேண்டிவருகிறது.

எடுக்கும் வரிசையைக் குலுக்கிப் போட வேண்டாம். சம்பளம் இல்லாத மாணவருக்கு முன்மாதம், நிரந்தர வேலையில் இருப்பவருக்குக் கடைசி மாதம் என்று பேசி எழுதலாம். அதில் ஆபத்தும் உண்டு. இரண்டாம் மாதம் எடுப்பவர் அதுவரை கட்டியது 20,000. அவர் கையில் ஒரு லட்சம், இன்னும் கட்ட வேண்டியது 90,000. அவர் இடையில் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விட்டால் நட்பும் போகும், கண்காட்சியும் போகும். ஆகவே முதல் கூட்டத்திலேயே, படம் தேர்வதற்கு முன்னர், முன்மாதம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் பிணை நிற்கும் இரண்டு பேரின் பெயரும் கையெழுத்தும் கொப்பியில் இருக்கட்டும். அந்த 90,000இல் ஆளுக்கு 45,000.