கல்லீரல் மாற்று சிகிச்சையும் குடிப்பழக்கமும்: வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவுக்கு ஒரு மனு வந்தது. கணவருக்கு முப்பத்தெட்டு வயது. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு மனைவி எழுதியிருந்தார். 'நோயின் காரணம்' என்ற இடத்தில் மஞ்சள் காமாலை என்று மட்டும் இருந்தது. மருத்துவமனைக் காகிதங்களைப் புரட்டியபோது உண்மைக் காரணம் தெரிந்தது. "குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவருக்கு ஜகாத் பணமா?" என்று ஒருவர் கேட்டார். அந்த நேரத்தில் எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

பணத்தைப் பற்றிய தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டோம். ஆனால் அந்தச் சகோதரி அலுவலக வாசலில் நின்று என்னிடம் கேட்டது வேறு. "என் ஈரல்லேருந்து பாதிக்கு மேல எடுத்து அவருக்கு வைக்கப் போறாங்க மாமா. அவரு திரும்பவும் குடிச்சிட்டா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பின் மருத்துவர்களிடமும் மனநல ஆலோசகர்களிடமும் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஈரல் கெட்டவர்கள் எல்லாரும் குடித்தவர்கள் அல்லர். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும், சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் வரும் கொழுப்பு ஈரலாலும், பிறவிக் கோளாறுகளாலும் ஈரல் சுருங்கிப் போகிறது. வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத மனிதரை, நோய் விசாரிக்கப் போன இடத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வருகிறோம். அந்தப் பார்வை அவரை எவ்வளவு நோகடிக்கும் என்று யோசிப்பதில்லை.

குடியால் ஈரல் கெட்டவருக்கு மாற்று ஈரல் வைக்கலாமா என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் தயங்கியது. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சில் என்ற அறுவை நிபுணர் 1963-இல் முதன்முதலாக மனிதருக்கு ஈரல் மாற்றினார். 1967-இல்தான் அதில் வெற்றி கண்டார். அதற்குப் பிறகும் குடிநோயாளிகளைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்தார்கள். 1988-இல் அதே ஸ்டார்சிலின் குழு, குடியால் ஈரல் இழந்தவர்களும் மற்ற நோயாளிகளைப் போலவே பிழைக்கிறார்கள் என்று காட்டியது. பிறகு ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்ற வழக்கம் பல நாடுகளில் வந்தது. அதற்குக் காரணம் இரண்டு. குடியை நிறுத்தினாலே சிலருக்கு ஈரல் தேறி, அறுவையே தேவைப்படாமல் போகும். அவருடைய உறுதியும் தெரிந்துவிடும்.

ஆனால் ஆறு மாதம் தாங்காத நோயாளி என்ன செய்வார்? 2011-இல் பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மதுவால் ஈரல் கடுமையாக வெந்து, மருந்துக்கும் மசியாத 26 பேருக்குக் காத்திருக்காமல் மாற்று ஈரல் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து இவர்களில் 77 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். அதே நிலையில் மாற்று ஈரல் பெறாதவர்களில் 23 விழுக்காட்டினரே இருந்தார்கள். அந்த 26 பேரில் பின்னாளில் குடிக்குத் திரும்பியவர்கள் மூவர். கண்ணை மூடிக்கொண்டு ஆளெடுக்கவில்லை. தாங்கிப் பிடிக்கக் குடும்பம் இருக்கிறதா, குடியை விடுவதாக நோயாளி மனமார ஒப்புக்கொள்கிறாரா என்று பார்த்தே தேர்ந்தார்கள்.

திரும்பிப் போகிறவர்கள் உண்டு. வட அயர்லாந்தின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்டுக்கு 2002-இல் லண்டனில் மாற்று ஈரல் வைத்தார்கள். அடுத்த ஆண்டே குடிக்கத் தொடங்கினார். 2005 நவம்பரில், 59 வயதில் இறந்தார். பணமும் புகழும் நல்ல மருத்துவமும் இருந்தும் இப்படி ஆனது. ஆனால் அவர் ஒருவரை வைத்து எல்லாரையும் அளக்கக் கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வெளியான கணக்கின்படி, ஆண்டுக்கு 100 பேரில் ஐந்தாறு பேர் எந்த அளவிலாவது மீண்டும் குடிக்கிறார்கள். பெருங்குடிக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர். குடும்பத் துணை இல்லாதவர்கள், குடும்பத்தில் குடிப்பழக்கம் உள்ளவர்கள், அறுவைக்கு முன் ஆறு மாதத்துக்கும் குறைவாகவே குடிக்காமல் இருந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஈரலை மாற்றலாம், ஆனால் பழக்கம் குடியிருப்பது மூளையில். அதற்குத் தனி சிகிச்சை வேண்டும்.

அறுவைக்கு முந்தைய காலத்தில் ஒரு சங்கதி நம் வீடுகளில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கெட்ட ஈரலால் அம்மோனியா போன்ற நஞ்சுகளை வெளியேற்ற முடியாது. அவை மூளைக்கு ஏறும். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பார், உளறுவார், ஆளை அடையாளம் தெரியாது, கை படபடக்கும். "இன்னும் குடிக்கிறான்" என்று ஒருவர் சொல்வார். "ஜின் பிடித்திருக்கிறது" என்று இன்னொருவர் ஓதிப் பார்க்க அழைத்துப் போவார். துஆ கேளுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோங்கள். மலச்சிக்கல் இதைக் கூட்டும் என்பதால்தான் லாக்டுலோஸ் மருந்து கொடுக்கிறார்கள். வயிறு போகிறதே என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மாற்று ஈரல் வைத்த முதல் சில வாரங்கள் மறுபிறவி எடுத்த மகிழ்ச்சியில் போகும். சோர்வு பிறகு வரும். விசாரிக்க வந்தவர்கள் நின்றுவிடுவார்கள், கடன் கண்ணுக்குத் தெரியும், வேலை போயிருக்கும். ஈரல் கொடுத்தவர் எதிரிலேயே நடமாடுவார், அவர் முகத்தைப் பார்க்கக் கூசும். ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைத் தூண்டும். புது ஈரலை உடல் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் கை நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்து வீட்டார் வாயை முகர்ந்து பார்ப்பார்கள். குடிக்காத மனிதர், "குடித்தாலும் ஏச்சு, குடிக்காவிட்டாலும் ஏச்சு" என்று நினைக்கும் நேரம் அதுதான். மனச்சோர்வு முற்றினால் மாத்திரையை விட்டுவிடுவார். சில நாள் விட்டாலே ஈரலைக் காப்பது கஷ்டமாகிவிடும். எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மாற்று சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு. ஆனால் மருந்துக்கடையில் நாமாக வாங்கக் கூடாது, டாக்ரோலிமஸோடு சேராத மருந்துகள் பல. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் பம்பளிமாஸ் பழத்தைக்கூடத் தவிர்க்க வேண்டும்.

இனி நம் சமுதாயத்துக்கே உரிய சிக்கல். மது ஹராம் என்பதில் இங்கே யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. அதனாலேயே மறைக்கிறோம். பக்கத்து வீட்டாரிடம் மறைப்பது உங்கள் உரிமை. மருத்துவரிடம் மறைத்தால் உயிர் போகலாம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். "பழக்கமே இல்லை டாக்டர்" என்று சொல்லிச் சேர்த்த நோயாளிக்கு அதைத் தடுக்கும் மருந்தை யார் கொடுப்பார்கள்? மறைத்தும் பயனில்லை. கடந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் குடித்ததைக் காட்டும் பெத் என்ற ரத்தப் பரிசோதனை இப்போது இருக்கிறது. மது விலக்கு ஒரே நாளில் அல்லாமல் படிப்படியாக இறங்கியதை மதரஸாவில் நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஒரு பழக்கத்தின் பிடி எத்தகையது என்று அப்போதே எண்ணிப் பார்த்திருக்கலாம்.

'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. குடியை நிறுத்தப் பழைய காலம் முதல் தரும் டைசல்பிராம் மாத்திரையே ஈரலைக் கெடுக்கக்கூடியது, ஈரல் நோயாளிக்கு அதை மருத்துவர்களே தவிர்க்கிறார்கள். அரிஷ்டம், ஆசவம் என்று வரும் மருந்துகளில் புளிப்பதால் தானே உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. சில இருமல் மருந்திலும் டானிக்கிலும் உண்டு. லேபிளைப் படியுங்கள்.

நோன்பைப் பற்றிக் கேட்கிறார்கள். டாக்ரோலிமஸ் பொதுவாகப் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை சாப்பிட வேண்டியது. நம் ஊரில் நோன்பு நேரம் அதைத் தாண்டுகிறது. மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு முடிவு செய்யுங்கள். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. நோன்பு வைக்கவில்லையே என்று குத்திக்காட்டி, ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவரை மேலும் அழுத்தாதீர்கள்.

அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி மனைவி நெருங்கிய உறவு, கொடுக்கலாம். மீதமுள்ள ஈரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். ஆனால் கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. அது குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கொடுப்பவரைத் தனியே அமர்த்தி, மனமொப்பித்தான் கொடுக்கிறாரா என்று கேட்பது மருத்துவக் குழுவின் கடமை. விருப்பமில்லை என்றால் அங்கே சொல்லலாம். பல மருத்துவமனைகளில் அதை வெளியே சொல்லாமல், "உங்கள் ஈரல் பொருந்தவில்லை" என்று மட்டும் குடும்பத்தாரிடம் தெரிவிப்பார்கள். மாமியாரோ ஜமாஅத்தோ அவரை நெருக்க எந்த உரிமையும் இல்லை. உறுப்பு தானம் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளோடு ஆகுமென்றது. அவர் மீண்டும் குடிக்க மாட்டார் என்று யாராலும் எழுதித் தர முடியாது என்பதையும் அந்தச் சகோதரியிடம் சொன்னேன். அழவில்லை. "இதை யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவர் கணவர் இப்போது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு வாரந்தோறும் போகிறார். அதற்குக் கட்டணம் இல்லை, பெயரும் கேட்பதில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற குடிநோய் சிகிச்சை மையங்களும் உண்டு. மனச்சோர்வுக்கு 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம். இறந்தவரின் ஈரலுக்காகத் தமிழ்நாடு அரசின் டிரான்ஸ்டான் வரிசையில் மருத்துவமனை மூலம் பதிவு செய்யலாம் என்பதை அறிந்து, மனைவியின் பரிசோதனைகள் நடக்கும்போதே அதிலும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேலையை நம் அலுவலகத்தில் செய்து கொடுத்தோம்.

மனுப் படிவத்தில் இருந்த 'நோயின் காரணம்' என்ற வரியைக் குழு எடுத்துவிட்டது. பதிலாக 'முழு விவரமும் மருத்துவரிடம் சொல்லப்பட்டதா?' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். புதிய படிவம் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும். பெண்கள் தனியே பேச விரும்பினால் முன்கூட்டிச் சொல்லுங்கள், குழுவின் சகோதரிகளில் ஒருவர் இருப்பார்.